மூன்று நாள் பாகிஸ்தானும் ஈச்ச வெல்லமும்

பஹரம்பூர் என்று சொன்னால் நம்மவர்கள் ஒரிசா பஹரம்பூரைத்தான் நினைக்கிறார்கள். 1936 வரை சென்னை மாகாணத்தில் இருந்த ஊர், அதனால் தப்பில்லை. என் மாமனார் ஊருக்குப் பக்கத்தில் இருப்பது இன்னொரு பஹரம்பூர். மேற்கு வங்காளத்தில், பாகீரதிக் கரையில், முர்ஷிதாபாத் மாவட்டத்தின் தலைமையிடம். 1857 பிப்ரவரி 26 அன்று, மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்குவதற்கு ஒரு மாதம் முன்பே, 19ஆம் படைப்பிரிவுச் சிப்பாய்கள் புதுத் தோட்டாவைத் தொட மாட்டோம் என்று முரண்டு பிடித்தது இந்த பஹரம்பூரில்தான். நானும் பலமுறை விளக்கிவிட்டேன். என் அம்மா இன்றுவரை அக்கம்பக்கத்தில் "சம்பந்தி வீடு ஒரிசா பக்கம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"வருவதானால் குளிர்காலத்தில் வா. மற்ற மாதங்களில் வந்தால் வியர்வையும் கொசுவும்தான்" என்பது மாமனாரின் நிரந்தர அழைப்பு. இந்த ஜனவரியில் அலுவலக ஆணிகளை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மாமனாருக்கு எழுபதாகிறது. ஊரில் இருக்கும் பழைய வீட்டையும் கொஞ்சம் நிலத்தையும் விற்றுவிட்டு, எல்லாரும் நொய்டாவுக்கே வந்துவிடலாமா என்று ஒரு வருடமாகத் தொலைபேசியில் பேச்சு. அவருடைய அம்மா, அதாவது தங்கமணியின் பாட்டி, தொண்ணூறைத் தொடுகிறார். அவர் சம்மதிக்காமல் அந்த வீட்டில் ஒரு கதவுகூட நகராது. நேரில் பேசிப் பார்க்கலாம் என்றுதான் போனோம்.

டெல்லிப் பனிமூட்டத்தில் விமானம் ஐந்து மணி நேரம் தாமதம். அதையெல்லாம் எழுதினால் உங்களுக்கும் கொட்டாவி வரும். சியால்டாவில் லால்கோலா வண்டியைப் பிடித்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும்தான் பயணம் தொடங்கியது. கிருஷ்ணாநகர் தாண்டினால் இரண்டு பக்கமும் கடுகு வயல்கள், மஞ்சளாய். பிறகு ஒரு சின்ன ஸ்டேஷன். பெயர்ப்பலகையில் பலாஷி. பள்ளிக்கூடத்தில் நாம் பிளாசி என்று நெட்டுரு போட்ட அதே ஊர். பலாச மரம் நிறைந்த இடம் என்பதால் அந்தப் பெயராம். பலாசு என்பது வேறொன்றுமில்லை, நம் புரசைவாக்கத்துப் புரசு மரம்தான்.

1757 ஜூன் 23 அன்று அங்கே நடந்ததைப் போர் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். நவாப் சிராஜ் உத் தௌலாவின் பக்கம் ஐம்பதாயிரம் பேர் என்கிறார்கள்; கிளைவிடம் ஏறக்குறைய மூவாயிரம். மதியம் அடித்த மழையில் நவாபின் வெடிமருந்து நனைந்தது. கம்பெனிக்காரர்கள் தங்கள் மருந்தை மூடி வைத்திருந்தார்கள். நம்பிக்கையான தளபதி மீர் மதன் குண்டடிபட்டு இறந்தார். மீர் ஜாஃபர் பெரும்படையோடு நின்று வேடிக்கை பார்த்தார். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கம்பெனித் தரப்பில் செத்தவர்கள் இருபத்துச் சொச்சம் பேர்தான், அதிலும் பெரும்பாலோர் சிப்பாய்கள்.

அந்தச் சிப்பாய்கள் எங்கிருந்து போனார்கள் என்பதுதான் நம் சரித்திரப் புத்தகங்கள் வேகமாகத் தாண்டிப் போகும் இடம். 1756 ஜூனில் சிராஜ் கல்கத்தாவைப் பிடித்த செய்தி சென்னைக்கு வந்ததும், அக்டோபர் மத்தியில் கிளைவும் வாட்சனும் கப்பலேறியது சென்னையிலிருந்து. கூடவே ஆயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்கள். ஆற்காடு, திருச்சி என்று கர்நாடகப் போர்களில் அடிபட்டுத் தேறியவர்கள். தமிழ், தெலுங்கு, உருது எல்லாம் பேசிய கூட்டமாக இருந்திருக்கும். வடக்கே அவர்களுக்கு வைத்த பொதுப்பெயர் 'திலங்கா', தெலுங்கர் என்பதன் திரிபு. கம்பெனிச் சீருடை போட்ட எந்தச் சிப்பாய்க்கும் வெகுகாலம் வட இந்தியாவில் அதுவே பெயராகிவிட்டது. கல்கத்தாவில் புதிதாகச் சேர்த்த ஆட்களும் பலாஷியில் இருந்தார்கள் என்றாலும், முதுகெலும்பு தெற்கத்திக்காரர்கள்தான். அவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பினார்கள், வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்று எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மாமனார் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், சரித்திர வாத்தியார் வேறு. கல்யாணப் பேச்சு நடந்தபோது சொந்தக்காரர்கள் "மதராஸிப் பையனா?" என்று முகம் சுளித்தார்களாம். இவர் சொன்ன பதில் எங்கள் வீட்டில் பிரசித்தம்: "மதராஸிக்காரன் கேட்காமல் 1757லேயே வந்துவிட்டான். இவனாவது கேட்டுவிட்டு வருகிறான்."

பலாஷியில் இன்று பார்க்க ஒரு நினைவுத்தூணைத் தவிர அதிகமில்லை. கிளைவ் ஒளிந்திருந்த மாந்தோப்பை ஆறு எப்போதோ தின்றுவிட்டது. இந்த ஊர்க்கதை எதை எடுத்தாலும் கடைசியில் ஆறு வந்து நிற்கும், பாருங்கள்.

ஜியாகஞ்சில் இறங்கி டோட்டோவில் (பேட்டரி ரிக்‌ஷாவுக்கு அங்கே அதுதான் பெயர்) அரை மணி நேரம். வீட்டு வாசலிலேயே நாலைந்து ஈச்ச மரங்கள். குளிர்கால வங்காளம் என்றால் எனக்கு ரசகுல்லா இல்லை மக்களே, இந்த ஈச்ச மரம்தான். நாம் பனையில் பாளையைச் சீவிக் கோடையில் பதநீர் இறக்குகிறோம். இவர்கள் ஈச்சமரத்தின் தலைக்குக் கீழே தண்டையே சீவி, மூங்கில் குழாயைச் செருகி, சாயங்காலம் பானை கட்டிவிடுகிறார்கள். குளிர் ஏற ஏற ரசம் தெளிவாக இறங்கும். மரமேறிக்குக் 'காச்சி' என்று பெயர். காச் என்றால் மரம். சில நாள் இறக்கினால் சில நாள் ஓய்வு. ஓய்வு முடிந்த முதல் இரவு இறங்குவது 'ஜிரேன்' ரசம், அதுதான் உசத்தி. ஒரு வருடம் ஒரு பக்கம் சீவினால் அடுத்த வருடம் எதிர்ப்பக்கம். அதனால் மரம் படிக்கட்டு போல மடங்கி மடங்கி ஏறும், வெட்டுகளை எண்ணி எத்தனை வருடம் இறக்கினார்கள் என்று சொல்லிவிடலாம்.

விடியுமுன் குடித்தால் அமிர்தம், வெயில் ஏறினால் கள். ஆனால் பச்சையாகக் குடிக்க மாமியார் இப்போது விடுவதில்லை. பழந்தின்னி வௌவால்கள் பானையில் வாய் வைப்பதால் நிபா வைரஸ் தொற்றக்கூடும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். 2007இல் பக்கத்து நதியா மாவட்டத்திலேயே நிபா வந்து ஆட்கள் இறந்தார்கள். ஆகவே எனக்குக் கிடைத்தது காய்ச்சிய வெல்லம் மட்டும். நொலேன் குர். கருப்பட்டியின் தங்கை மாதிரி, ஆனால் புகை வாசம் சாதுவாக இருக்கும். நமக்குப் பொங்கல் என்றால் அவர்களுக்கு பௌஷ சங்கராந்தி. அதே அரிசி, அதே வெல்லம், அதே பால். நாம் பொங்குகிறோம், அவர்கள் மாவாக்கிப் பிட்டே செய்கிறார்கள். மாமியாரின் பாட்டிசாப்டா ஏழு உள்ளே போன பிறகுதான் வந்த வேலை ஞாபகம் வந்தது.

நடுவில் ஒரு நாள் முர்ஷிதாபாத் நகரம். ஆயிரம் கதவு மாளிகையான ஹஜார்துவாரியை எல்லாரும் பார்க்கிறார்கள். அதில் நூறு கதவு பொய்க்கதவு. 1837இல் கட்டி முடித்தபோது நவாப் பதவியே பொய்க்கதவாகிவிட்டிருந்தது என்பதால் எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. கட்ரா மசூதி எனக்கு அதைவிட உசத்தி. இந்த ஊருக்குத் தன் பெயரை வைத்த முர்ஷித் குலி கான் அதன் படிக்கட்டுக்குக் கீழே புதைக்கப்பட்டிருக்கிறார். வருகிறவர் கால் தூசி தன் மேல் படவேண்டும் என்பது அவர் விருப்பமாம். ஜதுநாத் சர்க்கார் எழுதியபடி, தக்காணத்துப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, சிறுவனாகப் பாரசீகர் ஒருவருக்கு விற்கப்பட்டவர். அவர் உண்டாக்கிய நகரத்தைப் பார்த்துத்தான் கிளைவ் பின்னாளில், லண்டனைப் போலவே பெரியது, ஆனால் இங்கிருக்கும் பணக்காரர்கள் லண்டனில் இல்லை என்கிற மாதிரி பேசினார். பலாஷிக்குப் பிறகு அந்தப் பணத்தின் முதல் தவணை நூறு படகுகளுக்கு மேல் ஏறி ஆற்றோடு கல்கத்தாவுக்குப் போனது. 1765இல் வரி வசூல் உரிமையும் கம்பெனி கைக்கு வந்தது. 1770இல் பஞ்சம். வங்காளத்தில் மூன்றில் ஒருவர் செத்ததாக வாரன் ஹேஸ்டிங்ஸே கணக்கு சொன்னார். 1772இல் கஜானாவையும் கல்கத்தாவுக்கு மாற்றியாயிற்று. ஊர் காலி.

மீர் ஜாஃபர் மாளிகையின் வாசலுக்கு 'நமக் ஹராம் தேவ்டி' என்று பெயர். துரோகி வாசல். நமக்கு எட்டப்பன் எப்படியோ வங்காளிகளுக்கு மீர் ஜாஃபர் அப்படி, திட்டுவதற்கான சொல்லாகவே ஆகிவிட்டது. எனக்கென்னவோ இப்படி ஒருவர் தலையில் எல்லாவற்றையும் கட்டுவது ரொம்ப சௌகரியமான சரித்திரம் என்று தோன்றுகிறது. ஜகத் சேட் குடும்பத்து வட்டிக்கடைப் பணம் இல்லாமல் அந்தச் சதி நகர்ந்திருக்காது, அவர் பெயரைச் சொல்லி யாரும் யாரையும் திட்டுவதில்லை. மீர் ஜாஃபர் வம்சத்தில் வந்த இஸ்கந்தர் மிர்சா 1956இல் பாகிஸ்தானின் முதல் ஜனாதிபதி ஆனார், 1958இல் தளபதி அயூப் கான் அவரைக் கவிழ்த்தார். வம்சத்து வழக்கம் திரும்பி வந்து கடித்தது என்று மாமனார் சிரித்தார்.

பாகிஸ்தான் என்றதும்தான் பாட்டி வாயைத் திறந்தார். "நாங்களும் பாகிஸ்தானில் இருந்தவர்கள்தான் நாத்ஜாமாய், மூன்று நாள்." (நாத்ஜாமாய் என்றால் பேத்தி புருஷன்.)

விளையாட்டில்லை. 1947 ஜூலை 18 அன்று சம்மதம் பெற்ற இந்திய சுதந்திரச் சட்டத்தின் முதல் அட்டவணையில், கிழக்கு வங்காளத்துக்கு, அதாவது பாகிஸ்தானுக்கு, தற்காலிகமாக ஒதுக்கிய மாவட்டங்களின் பட்டியல் இருக்கிறது. ஜெஸ்ஸூர், நதியா, மால்டா, தினாஜ்பூரோடு முர்ஷிதாபாத்தும் அதில் உண்டு. 1941 மக்கள்தொகைக் கணக்கில் முஸ்லிம்கள் பெரும்பான்மை என்பதே காரணம். சொற்ப வித்தியாசத்தில் இந்துக்கள் அதிகமிருந்த குல்னா அந்தப் பட்டியலில் இல்லை, ஆகவே இந்தியா. உண்மையான கோட்டைப் போட வந்த ராட்கிளிஃப் ஜூலை 8 அன்றுதான் இந்த நாட்டில் கால் வைத்தார். ஐந்து வாரத்தில் வேலையை முடித்துக் கொடுத்தும், விழாவெல்லாம் நடந்து முடியட்டும் என்று மவுண்ட்பேட்டன் உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தார். ஆகஸ்ட் 15 அன்று நாட்டின் எல்லை எது என்று தெரியாமலேயே நாடு கொடியேற்றியது. பஹரம்பூரில் ஏறியது பிறைக்கொடி. குல்னாவில் மூவர்ணம்.

பாட்டிக்கு அப்போது பதினொரு வயது. அப்பா பஹரம்பூர் கோர்ட்டில் குமாஸ்தா. அரசு ஊழியர்களிடம் அந்தக் கோடையில் ஒரு படிவம் நீட்டியிருந்தார்கள்: நீ இந்தியாவா, பாகிஸ்தானா? பாட்டியின் அப்பா இந்தியா என்று எழுதினார். எழுதினால் ஊரை விட வேண்டிவரும் என்று தெரிந்தேதான். பக்கத்து வீட்டுக்காரரும் அதே கோர்ட்டில் குமாஸ்தா, முஸ்லிம். தலைமுறை தலைமுறையாக இருக்கும் ஊர் பாகிஸ்தானில் வரப்போகிறது, நாம் ஏன் வேறு எங்கும் போகவேண்டும் என்று யோசித்து அவர் பாகிஸ்தான் என்று எழுதினார். இரண்டு பேருமே அவரவர் கணக்கில் சரியாகத்தான் எழுதினார்கள்.

"பதினைந்தாம் தேதி காலையிலிருந்து அம்மா தகரப் பெட்டியில் சாமான் அடுக்கிக்கொண்டே இருந்தாள். பித்தளை எல்லாம் அடியில், அதன்மேல் பத்திரங்கள், அதன்மேல் என் அக்கா கல்யாணப் புடவைக்கு வாங்கி மிச்சமிருந்த பட்டு. எங்கே போகிறோம் என்று கேட்டால் பதில் இல்லை. பக்கத்து வீட்டுச் சாச்சி வந்து உட்கார்ந்து, 'போகாதீர்கள், நாங்கள் இருக்கிறோமே' என்று அழுதாள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் தெருவில் கொடி வைத்து விளையாடினார்கள். எனக்கும் ஒன்று கேட்டு அடி வாங்கினேன்."

பதினேழாம் தேதி சாயங்காலம் அறிவிப்பு வெளிவந்தது. செய்தி அவர்கள் தெருவுக்கு மறுநாள் காலைதான் வந்தது என்பது பாட்டியின் ஞாபகம். முர்ஷிதாபாத் இந்தியா, குல்னா பாகிஸ்தான். கொடிகள் இடம் மாறின. நதியா மாவட்டத்துச் சில ஊர்களில் இன்றும் ஆகஸ்ட் 18 அன்று தனியாகக் கொடியேற்றுகிறார்கள்.

ஏன் மாறியது? ஆறுதான். கங்கையிலிருந்து பாகீரதி பிரிவது முர்ஷிதாபாத்தின் வடக்கு முனையில். அந்தத் தண்ணீர்தான் ஹூக்ளியாகிக் கல்கத்தாத் துறைமுகத்துக்குப் போகிறது. கல்கத்தா எந்த நாட்டுக்கோ, அதன் உயிர் தங்கியிருக்கும் நதியா ஆறுகளின் மேல் அந்த நாட்டுக்கு என்ன உரிமை என்று ராட்கிளிஃப் தன் அறிக்கையிலேயே கேள்வி போட்டுக்கொண்டார். துறைமுகம் ஜெயித்தது, மக்கள்தொகை தோற்றது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த மாவட்டத்துக்கு நாடு எது என்று தீர்மானித்தது கப்பல் மிதக்க வேண்டிய ஆழம்.

பாட்டியின் அம்மா பெட்டியைப் பிரித்தாள். பக்கத்து வீட்டில் பெட்டி கட்ட ஆரம்பித்தார்கள். படிவத்தில் எழுதியபடி சாச்சாவுக்கு வேலை பத்மாவுக்கு அக்கரை ராஜ்ஷாஹியில். போக நினைத்தவர் இருந்துவிட்டார், இருக்க நினைத்தவர் போனார். இதுவரை நானும் இந்தக் கதையைக் கொஞ்சம் சிரிப்போடுதான் கேட்டுக்கொண்டிருந்தேன், மூன்று நாள் பாகிஸ்தான் என்று. பாட்டி சிரிக்கவில்லை. அந்த வருடம் மாசியில்தான் அவருடைய அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். குல்னாவில். இந்தியாவில் இருக்கும் என்று நம்பிய மாவட்டத்தில், நல்ல இடம் என்று தேடிப்பிடித்து. அக்கா மூன்று நாள் இந்தியாவில் இருந்தாள்.

1950 கலவரத்தில் அக்காவும் புருஷனும் கைக்குழந்தையோடு எல்லை தாண்டி வந்து ராணாகாட் கூப்பர்ஸ் கேம்பில் பதிவு செய்துகொண்டார்கள். இங்கே செய்தி வந்து, அப்பா போய்ச் சேர்வதற்குள் குழந்தை இல்லை. பாட்டி இதைச் சொல்லும்போது குரல் மாறவேயில்லை, கடைவாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார். தங்கமணிக்கே இது தெரியாது. முப்பத்தைந்து வருடமாக அந்தப் பெரிய பாட்டியின் மடியில் விளையாடியதைப் பற்றி எனக்கு எத்தனையோ கதை சொல்லியிருக்கிறாள், இந்தக் குழந்தையைப் பற்றி யாரும் அவளிடம் சொன்னதில்லை.

பேச்சு அன்றோடு நின்றது. மறுநாள் மாமனார் எங்களைப் பத்மா பக்கம் கூட்டிப்போனார். கிழக்கே ஒரு மணி நேரம். பனியில் அக்கரை தெரியவில்லை, எல்லைக் காவல்படை ஜவான் ஒருவர் அடையாள அட்டை கேட்டார். எந்தத் துறைமுகத்துக்காக இந்த மாவட்டம் இந்தியாவுக்கு வந்ததோ அந்தத் துறைமுகம் வண்டல் மண்டித் தடுமாறியது. கங்கைத் தண்ணீரை பாகீரதிக்குத் திருப்ப இதே மாவட்டத்தில் ஃபராக்கா அணை கட்டினார்கள், 1975 ஏப்ரலில் திறந்தது. 38 கிலோமீட்டர் கால்வாய், நொடிக்கு 40,000 கன அடி. தண்ணீர் பங்கீடு பற்றி வங்கதேசத்தோடு 1996இல் முப்பது வருட ஒப்பந்தமும் போட்டார்கள். ஆறு மட்டும் ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை. துலியான், ஜலங்கி பக்கம் கரையை அறுத்து வயலும் வீடும் பள்ளிக்கூடமும் தண்ணீருக்குள் போய்க்கொண்டே இருக்கின்றன. எந்தக் கோட்டுக்கும் அசையாமல் இருந்தவர்களையும் ஆறு கிளப்பிவிடுகிறது.

வீட்டு விஷயத்தை மாமனார்தான் கடைசியில் எடுத்தார். பாட்டி இட்லிப் பானை போன்ற அந்தப் பழைய தகரப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்கச் சொன்னார். உள்ளே பித்தளை இல்லை, பட்டும் இல்லை. பத்திரங்கள், அக்காவின் கேம்ப் அட்டை, ஒரு கட்டுக் கடிதம். ராஜ்ஷாஹியிலிருந்து சாச்சா எழுதியவை, நலம் விசாரித்து, வாசல் ஈச்ச மரம் இந்த வருடம் எப்படி இறங்குகிறது என்று கேட்டு. 1965 போரோடு கடிதங்கள் நின்றுவிட்டன.

"இதை ஒருமுறை கட்டிப் பிரித்தாயிற்று. இன்னொரு தடவை கட்ட என்னால் ஆகாது. நான் போன பிறகு நீங்கள் என்னவோ செய்துகொள்ளுங்கள்" என்றார்.

வீட்டை இப்போதைக்கு விற்கவில்லை. மாமனாரும் மாமியாரும் அங்கேயே இருக்கிறார்கள். தங்கமணி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய்வருவதாக ஏற்பாடு, அதற்கான டிக்கெட் செலவுக் கணக்கு என் தலையில். கடிதங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். வங்காள எழுத்து எனக்கு இன்னும் தடவித் தடவித்தான் வருகிறது. மூன்றாவது கடிதத்தில் இருக்கிறேன்.